பெயர் தெரியாத நோயோடு இங்கிலாந்தில்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

படிக்கவோ வேலைக்கோ இங்கிலாந்துக்கு வந்து, சில மாதங்களில் காரணம் புரியாத உடல்நலக் கோளாறோடு மல்லுக்கட்டத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, இடம் மாறிக்கொண்டே இருக்கும் மூட்டுவலி, எழுந்து நின்றால் கிறுகிறுப்பும் படபடப்பும், மரத்துப்போகும் விரல்கள், சாப்பிட்டதும் வயிற்று உப்புசம். பரிசோதனை எடுக்கிறார்கள், எல்லாம் நார்மல் என்கிறார்கள், வலி மட்டும் அப்படியே இருக்கிறது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சில விதிகள் வேறு. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு.

நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தால்தான் எதுவும் நகரும் என்று நம்மில் பலர் காத்திருக்கிறோம். விடுப்பு, வேலையிடத்தில் சலுகை, மொழிபெயர்ப்பாளர், வலிக்கும் தூக்கத்துக்கும் சிகிச்சை என்று பலவற்றுக்கு இந்த நாட்டில் பெயர் தேவையில்லை. பெயரைத் தேடும் வேலைக்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள்கூட. அதுவரை மற்றவற்றை நிறுத்தி வைக்காதீர்கள்.

முதலில் அவசரமா என்று பாருங்கள்

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் ஒரு பக்கம் கோணுவது, கையைத் தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது என்றால் ஆம்புலன்ஸுக்கு 999. முதுகுவலியோடு தொடைகளுக்கு நடுவே உணர்வு மரத்து, சிறுநீர் வருவதே தெரியாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. காரணமில்லாத எடைக்குறைவு, இரவில் படுக்கை நனையும் அளவு வியர்வை, மலத்தில் ரத்தம், புதிதாகத் தட்டுப்படும் கட்டி ஆகியவற்றுக்கு "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று இராமல் ஜி.பி.யை (உங்கள் பகுதிக் குடும்ப டாக்டரை) உடனே அழையுங்கள். எதில் சேர்ப்பது என்று தெரியாவிட்டால் 111 என்ற மருத்துவ ஆலோசனை எண். அது 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம்.

ஜி.பி.யிடம் பதிவு, அதுவும் உடம்பு நன்றாக இருக்கும்போதே

விசாவுக்கு விண்ணப்பித்தபோதே சுகாதாரக் கட்டணம் கட்டியிருப்பீர்கள். பெரும்பாலானோருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கு 776. ஹெல்த் அண்ட் கேர் விசாவில் வந்தவர்களுக்கு இது கிடையாது. கட்டணம் கட்டியிருந்தாலும் சரி, விலக்கு பெற்றிருந்தாலும் சரி, என்.எச்.எஸ். எனும் அரசு மருத்துவச் சேவை உங்களுக்கு உரியது. 'பொது நிதியைப் பயன்படுத்தக் கூடாது' என்று விசாவில் இருக்கும் நிபந்தனையில் என்.எச்.எஸ். சேராது. டாக்டரிடம் அடிக்கடி போனால் விசா நீட்டிப்பில் சிக்கல் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஜி.பி. பதிவுக்கு முகவரிச் சான்றோ பாஸ்போர்ட்டோ கட்டாயமில்லை. முன்மேசையில் கேட்பார்கள், இருந்தால் கொடுங்கள். இல்லை என்பதற்காக மட்டும் பதிவை மறுக்கக் கூடாது. பதிவானதும் என்.எச்.எஸ். ஆப்பைப் போனில் இறக்கி, உங்கள் மருத்துவப் பதிவைப் பார்க்கும் வசதியைத் திறந்துகொள்ளுங்கள். பரிசோதனை எண்களும் டாக்டர் எழுதிய குறிப்பும் அதில் வரும். "நார்மல்" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் என்ன எண் இருக்கிறது என்று அங்கேதான் தெரியும்.

திரும்பிப் போகாவிட்டால் குணமாகிவிட்டது என்று அர்த்தம்

சென்னையிலோ மதுரையிலோ தலைவலி என்றால் நேரே நரம்பியல் நிபுணரிடம் போவோம். அவர் எழுதித் தரும் ஸ்கேனை அன்று மாலையே எடுத்துவிடுவோம். இங்கே எல்லாம் ஜி.பி. வழியாகத்தான். ஒரு சந்திப்புக்கு ஏறக்குறைய 10 நிமிடம். அவர் கேட்டுவிட்டு, "இரண்டு வாரம் பாருங்கள், சரியாகவில்லை என்றால் வாருங்கள்" என்று அனுப்பிவிடுவார். நம் ஆட்கள் இதை விரட்டிவிட்டதாக எடுத்துக்கொண்டு திரும்பிப் போவதே இல்லை. ஆறு மாதம் கழித்து, முடியவே முடியாத நிலையில் இன்னொரு டாக்டரைப் பார்க்கும்போது பதிவேட்டில் ஒரே ஒரு வருகைதான் இருக்கும். அதைப் படிப்பவருக்கு இது புது நோய்.

அந்த "சரியாகவில்லை என்றால்" என்பதை அப்படியே நம்பி, சொன்ன தேதியில் திரும்பிப் போங்கள். காத்திருந்து பார்ப்பது இங்கே ஒரு பரிசோதனை முறை. அதன் முடிவை நீங்கள் போய்ச் சொன்னால்தான் அடுத்த படி வரும். கிளம்பும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை நாளில் சரியாகவில்லை என்றால் திரும்ப வர வேண்டும்? அப்போது அடுத்து என்ன செய்வீர்கள்? முடிந்தவரை ஒரே டாக்டரைப் பார்க்கக் கேளுங்கள். பேச நிறைய இருந்தால் முன்பதிவிலேயே இரட்டைச் சந்திப்பு கேட்கலாம்.

2025 செப்டம்பரில் இங்கிலாந்தில் 'ஜெஸ் விதி' என்ற ஒன்று அறிமுகமானது. ஒரே அறிகுறியோடு, அல்லது மோசமாகிக்கொண்டே போகும் அறிகுறியோடு ஒருவர் மூன்று முறை வந்தும் காரணம் புலப்படவில்லை என்றால், ஜி.பி. தன் கணிப்பை முதலிலிருந்து யோசிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஜெசிக்கா பிரேடி என்ற 27 வயதுப் பெண் 2020இல் புற்றுநோயால் இறந்தார். நோய் தெரியவரும் முன் ஜி.பி. மருத்துவமனையை 20 முறைக்கு மேல் தொடர்பு கொண்டிருந்தார். அவருடைய பெற்றோரின் போராட்டத்தில் வந்த விதி இது. மூன்றாவது முறை போகும்போது, "இதே பிரச்சினைக்கு இது மூன்றாவது வருகை, புதிதாக யோசிக்க முடியுமா?" என்று பணிவாகவே கேளுங்கள். மூன்று வருகையும் பதிவாகியிருந்தால்தான் இந்தக் கேள்விக்கு வலு.

ஒரு பக்கக் குறிப்பு

பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் முன்கதையிலேயே போய்விடும். அதனால் ஒரே ஒரு பக்கம் எழுதி எடுத்துப் போங்கள். தடித்த ஃபைலை யாரும் புரட்ட மாட்டார்கள், புரட்டவும் நேரம் கிடையாது. அந்தப் பக்கத்தில் வலியின் பெயரைவிட, வலியால் என்ன செய்ய முடியவில்லை என்பது முக்கியம். "மிகவும் சோர்வாக இருக்கிறது" என்றால் லண்டன் முழுக்க எல்லோரும் சோர்வுதான். இப்படி எழுதிப் பாருங்கள்:

"மார்ச் மாதம் காய்ச்சல் வந்தபின் தொடங்கியது. முன்பு 40 நிமிடம் நடந்து வேலைக்குப் போவேன், இப்போது 10 நிமிடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. துணி துவைத்த நாளுக்கு மறுநாள் படுக்கையிலிருந்து எழ முடிவதில்லை. மாதத்தில் நான்கு நாள் விடுப்பு எடுக்கிறேன்."

இதற்குக் கீழே, சாப்பிடும் மருந்துகள். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை என்றால் பிராண்டு பெயரை எழுதாமல் அட்டையில் இருக்கும் மருந்தின் பெயரை எழுதுங்கள். இங்குள்ளவர்களுக்கு நம் ஊர்ப் பிராண்டுகள் தெரியாது. சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருப்பது உண்டு, ஈயம் உடம்பில் சேர்ந்தால் வயிற்றுவலியும் அசதியும் வரும். முடி வளர்வதற்கான பயோட்டின் மாத்திரை தைராய்டு ரத்தப் பரிசோதனையையே குழப்பக்கூடியது. அதைச் சாப்பிடுவதாகச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. பிறகு குடும்பத்தில் சர்க்கரை, தைராய்டு, காசநோய் யாருக்காவது இருந்ததா, நீங்கள் சைவமா, கடைசியாக ஊருக்குப் போனது எப்போது. கடைசி வரியில், இன்றைக்குக் கேட்க வந்த ஒரே கேள்வி.

அறிகுறி நாட்குறிப்பு இரண்டு மூன்று வாரம் எழுதினால் போதும். வருடக்கணக்கில் மணிக்கொரு தரம் உடம்பைக் கவனித்து எழுதுவது வலியைக் கூட்டுகிறது என்பது என் அனுபவம்.

ஊர் ரிப்போர்ட்டும் இங்குள்ள எண்களும்

ஊரில் எடுத்த ரிப்போர்ட்டுகளைக் கொண்டுவருவது நல்லது. ஆனால் அளவுகள் வேறு என்பதால் பலரும் பயந்துபோகிறார்கள். ஹீமோகுளோபின் அங்கே 11.5 என்றால் இங்கே 115. மூன்று மாதச் சர்க்கரை அளவு அங்கே 6.5 சதவீதம் என்பது இங்கே 48. ரத்தச் சர்க்கரையை 18ஆல் வகுத்தால் இங்குள்ள எண் வரும். வைட்டமின் டி எண்ணை இரண்டரையால் பெருக்க வேண்டும். இதில் எல்லைக்கோடும் மாறுகிறது. ஊர் லேபில் 25 என்று வந்தால் பெரும்பாலும் 'குறைவு' என்று அச்சிட்டுத் தருவார்கள். இங்கே அது ஏறக்குறைய 62, பொதுவாக 50க்கு மேல் என்றால் போதுமானது என்பார்கள். டாக்டர் அலட்சியம் செய்கிறார் என்று நினைக்கும் முன் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நமக்கு முதலில் பார்க்க வேண்டியவை

அரிய நோய்களைத் தேடி இணையத்தில் இரவு இரண்டு மணிவரை விழித்திருப்பதற்கு முன், தெற்காசியர்களிடம் அடிக்கடி தென்படும் சாதாரணக் காரணங்கள் விலக்கப்பட்டுவிட்டனவா என்று பாருங்கள். இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி, தைராய்டு, சர்க்கரை, சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் நோய்), அழற்சிக் குறியீடுகள், சிறுநீரகம், கல்லீரல். இவை எல்லாவற்றையும் ஜி.பி. மட்டத்திலேயே எடுக்கலாம்.

சில நுணுக்கங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் எண்) 30க்குக் கீழே என்றால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறது. அசதிக்கும் முடி உதிர்வுக்கும் அது போதும். சைவர்களுக்கும் நீண்டநாள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையும், விரல் மரத்துப்போவது அதன் அடையாளம். பரிசோதனைக்கு முன்பே பி12 மாத்திரையை நாமாக விழுங்கிவிட்டால் எண் ஏறிவிடும், உண்மை நிலை தெரியாது. சீலியாக்கும் அப்படித்தான்: சப்பாத்தி, ரொட்டியை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வரும். குறைந்தது ஆறு வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டும். வைட்டமின் டி விஷயத்தில் அரசே சொல்கிறது: அக்டோபர் முதல் மார்ச் வரை எல்லோரும், நம்மைப்போல் கருத்த தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும், தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வதை யோசிக்கலாம்.

காசநோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்க வருபவர்கள் விசாவுக்கு மார்பு எக்ஸ்ரே எடுக்கிறோம், அதில் தேறியதும் காசநோய் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். அந்தப் படம் நுரையீரலை மட்டும், அன்றைய நிலையை மட்டும் காட்டும். நிணநீர்க் கட்டி, முதுகெலும்பு, வயிறு, கண் என்று எங்கு வேண்டுமானாலும் காசநோய் வரலாம். உறங்கிக் கிடந்த கிருமி, நாம் இங்கே வந்து சில வருடம் கழித்தும் விழித்துக்கொள்ளலாம். தொடர் முதுகுவலி, கழுத்தில் கட்டி, மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு இருந்தால், "நான் இந்தியாவிலிருந்து வந்தவன், காசநோயாக இருக்குமா?" என்று நீங்களே கேளுங்கள். காசநோய்க்கான பரிசோதனையும் சிகிச்சையும் இங்கே யாருக்கும் இலவசம். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

எல்லாம் நார்மல் என்று வந்தபின்

இங்கேதான் பலர் உடைந்துபோகிறார்கள். ரத்தத்தில் தெரியாத நோய்கள் நிறைய உண்டு. அவற்றில் சிலவற்றைக் கதையைக் கேட்டும், எளிய அளவீட்டாலும் கண்டுபிடிக்கிறார்கள்.

எழுந்து நின்றால் படபடப்பு என்றால் நாடித்துடிப்பை வீட்டிலேயே பார்க்கலாம். பத்து நிமிடம் படுத்திருந்து எண்ணுங்கள். பிறகு பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு எழுந்து நின்று, பத்து நிமிடம் வரை சில முறை எண்ணுங்கள். ரத்த அழுத்தம் குறையாமல் துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடி அப்படியே நின்றால் 'பாட்ஸ்' என்ற கோளாறாக இருக்கக்கூடும். அந்த எண்களைக் குறிப்பில் சேருங்கள்.

இன்னொன்று எம்.ஈ. என்றும் சி.எஃப்.எஸ். என்றும் சொல்லப்படும் நாட்பட்ட அசதி நோய். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி இதற்கு நான்கு அடையாளங்கள்: முடக்கிப்போடும் அசதி, உழைப்புக்குப் பின் நிலை மோசமாவது, தூங்கியும் தெளியாமை, யோசனையில் மந்தம். பெரியவர்களுக்கு ஆறு வாரத்தில் சந்தேகிக்கலாம், மூன்று மாதத்தில் உறுதிசெய்யலாம். இரண்டாவது அடையாளத்தைக் கவனியுங்கள். வீட்டைச் சுத்தம் செய்த அன்று ஒன்றும் தெரியாது, மறுநாளோ அதற்கு மறுநாளோ கீழே தள்ளிவிடும். இப்படி இருப்பவர்களிடம் "ஜிம்முக்குப் போ, சரியாகிவிடும்" என்பது தவறான அறிவுரை. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை அதே வழிகாட்டுதல் கைவிட்டுவிட்டது.

மன அழுத்தமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னால்? அது அவமானமில்லை, அதோடு கோப்பை மூடிவிடவும் விடாதீர்கள். டாக்கிங் தெரபிஸ் என்ற மனநல ஆலோசனைக்கு ஜி.பி. இல்லாமல் நீங்களே பதிவு செய்யலாம். போங்கள். ஊரை விட்டு வந்தது, கடன், தனிமை எல்லாம் உடம்பில் இறங்கத்தான் செய்யும். கூடவே, "இதையும் செய்கிறேன், உடல் பக்கம் இன்னும் எதை விலக்க வேண்டியிருக்கிறது?" என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றாக நடக்கலாம்.

மாதவிடாய் வலி, இடுப்பு வலிக்காகப் போகும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. பெண் டாக்டரைக் கேட்கலாம், பரிசோதனையின்போது பெண் உதவியாளர் உடன் இருக்கக் கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் இலவசம், ஜி.பி. பதிவின்போதே தேவை என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள். கணவரையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க வைத்தால் பாதி விஷயம் வாயிலேயே நின்றுவிடும். ஆங்கிலத்தில் அலுவலகம் நடத்துகிறவர்களுக்கும் வலியைச் சொல்லத் தமிழ் தேவைப்படலாம்.

நிபுணருக்கான வரிசை

ஜி.பி. பரிந்துரைத்த பின் 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இலக்கு. நாடளவில் அந்த இலக்கு 2016க்குப் பிறகு எட்டப்படவில்லை. அதனால் வரிசையில் சும்மா நிற்காதீர்கள். முதல் சந்திப்புக்கு எந்த ஆஸ்பத்திரி என்று தேர்ந்தெடுக்கும் சட்ட உரிமை இங்கிலாந்தில் உங்களுக்கு உண்டு. பக்கத்து ஊரில் காத்திருப்பு குறைவாக இருக்கலாம். அதுவரை நிபுணரிடம் எழுத்தில் ஆலோசனை கேட்கும் வசதி ஜி.பி.க்கு இருக்கிறது, அதைப் பயன்படுத்த முடியுமா என்று கேளுங்கள். எந்தத் துறை என்றே புரியாத எடைக்குறைவு, அசதி, வயிற்றுவலி போன்றவற்றுக்கு, புற்றுநோயை விரைவாக விலக்கிப் பார்க்கும் தனிப் பாதை ஒன்றும் உண்டு.

பதில் வராமல் இழுத்தால் ஆஸ்பத்திரியில் பால்ஸ் என்ற நோயாளர் உதவிப் பிரிவை அழையுங்கள். புகார் இல்லாமலேயே அவர்கள் விசாரித்துச் சொல்வார்கள். இரண்டாவது கருத்து கேட்பது சட்ட உரிமை கிடையாது, கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. உங்கள் முழு மருத்துவப் பதிவின் நகலைக் கேட்டால் ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும்.

வேலையும் படிப்பும்

ஏழு நாள் வரை நோய்விடுப்புக்கு நீங்களே எழுதிக் கொடுத்தால் போதும். அதற்கு மேல் என்றால் ஃபிட் நோட் என்ற மருத்துவச் சான்று. அதில் நோயின் பெயருக்குப் பதில் அறிகுறியையே எழுதலாம், 'குறைந்த நேர வேலை' என்று பரிந்துரைக்கவும் இடம் உண்டு. சட்டப்படியான நோய்க்கால ஊதியம் பொது நிதியில் சேராது, விசாவில் இருப்பவர்களும் தகுதி இருந்தால் 28 வாரம் வரை வாங்கலாம்.

2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் மாற்றுத்திறனைத் தீர்மானிக்க நோயின் பெயரைக் கேட்பதில்லை. அன்றாட வேலைகள் கணிசமாகப் பாதிக்கப்பட்டு, அது 12 மாதம் நீடித்திருந்தால் அல்லது நீடிக்கும் என்று தெரிந்தால், நிறுவனம் நியாயமான மாற்றங்களைச் செய்ய வேண்டும். வீட்டிலிருந்து வேலை, நடுவில் ஓய்வு, உட்கார நாற்காலி என்று குறிப்பாகக் கேளுங்கள், மின்னஞ்சலில் கேளுங்கள். ஸ்பான்சர்ஷிப் போய்விடுமோ என்ற பயத்தில் பலர் வாயைத் திறப்பதில்லை. ஆண்டுக்கு நான்கு வாரத்துக்கு மேல் ஊதியமில்லா விடுப்பு கூடாது என்ற விதியில் நோய்விடுப்புக்கு விலக்கு உண்டு. மாணவர்கள் படிப்பை இடைநிறுத்தும் முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பேசியே ஆக வேண்டும். இடைநிறுத்தினால் அவர்கள் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், விசா பாதிக்கப்படலாம்.

ஊருக்குப் போய்ப் பரிசோதனை எடுக்கலாமா?

"எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடு, இங்கே இரண்டே நாளில் பார்த்துவிடலாம்" என்று அம்மா போனில் சொல்லாத வீடு இருக்காது. போகலாம், தவறில்லை. மாஸ்டர் செக்கப் என்று உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தால், சம்பந்தமே இல்லாத சின்னக் கட்டி ஒன்று தென்பட்டு, அதன் பின்னாலேயே ஆறு மாதம் ஓட வேண்டிவரலாம். "இந்த ஒரு கேள்விக்கு இந்த ஒரு பரிசோதனை" என்று போனால் பயன் உண்டு. ஸ்கேன் படங்களை சி.டி.யிலோ கோப்பாகவோ வாங்கிவாருங்கள், அறிக்கைத் தாள் மட்டும் போதாது. அப்படியும் இங்கே மறுபடி எடுக்கச் சொல்லலாம். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமையை எண்ணியிருப்பவர்கள், எந்த 12 மாதத்திலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்துவிடக் கூடாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

வீடு மாறும்போது

புதிதாக வந்தவர்கள் வருடத்துக்கு ஒரு வீடு மாறுகிறோம். ஆஸ்பத்திரிக் கடிதம் பழைய முகவரிக்குப் போய், சந்திப்பு தவறிப்போனால் உங்களை வரிசையிலிருந்து எடுத்து மறுபடி ஜி.பி.யிடமே அனுப்பிவிடலாம். புது முகவரியையும் போன் எண்ணையும் ஜி.பி.க்கு ஒரு முறை, நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரித் துறைக்கும் ஒரு முறை எனத் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஓரிடத்தில் சொன்னது மற்ற இடத்துக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்ப வேண்டாம்.